ஒற்றைத் தேதி, இரட்டைத் தேதி

மைனஸ் முப்பத்தொன்று.
பெட்ரோல் பங்க்கில் இரவு ஷிஃப்ட்.
ரசீதுக் கட்டின் முதுகில்
அங்பிலெக் எழுதுகிறான், நான் அடிக்கிறேன்.
பேனா உறைந்துவிட்டது, பென்சில்தான்.

இரண்டு சம்பளத்தின் மிச்சம்
பன்னிரண்டு லட்சம் துக்ரிக்.
லட்சம் என்றதும் வாயைப் பிளக்க வேண்டாம்,
உலான்பாதரில் அது
ஒரு ஜோடி சுமாரான பனிக்காலணி.

கம்ப்யூட்டர் ஒன்று. ஆட்கள் இருவர்.
ஒற்றைத் தேதி அவனுக்கு, இரட்டைத் தேதி எனக்கு,
ஊரில் காருக்கு வைத்த சட்டம்போல.
இருப்பது என் அறையில்;
என் அடுப்பு விடியும்வரை தாங்கும்.

முதல் சண்டை கண்ணாடிப் பெட்டிக்கு.
உள்ளே நிறம் மாறும் விளக்கு, விலை ஒன்றே முக்கால் லட்சம்.
'பார்க்கவா, விளையாடவா?' என்றேன்.
இரண்டு நாள் பேசவில்லை.
மூன்றாம் நாள் எங்கிருந்தோ
ஓர் அலுவலகத்து இரும்புப் பெட்டியைத் தூக்கி வந்தான்,
நெற்றியில் 'கணக்குப் பிரிவு 4' என்ற சீட்டோடு.
சீட்டைக் கிழிக்கவில்லை. கணக்குதானே எல்லாம்.

மூன்று விசிறி வேண்டுமென்றான்.
ஜன்னலைத் திற என்றேன்.

கிராபிக்ஸ் கார்டு பழையது.
ஒரு கிடங்கில் இரண்டு வருஷம்
இரவு பகலாகக் காசு தோண்டியதாம்.
கடைக்காரி நர்மந்தாக் மறைக்கவில்லை:
'உழைத்த மாடு. விலை அதற்கேற்ப.'
மூக்கருகே வைத்துப் பார்த்தேன்.
கருகல் இல்லை.
புழுதியும், யாருடைய சிகரெட்டோ.

அடுத்த படிக் கார்டுக்கு
அவன் கண் போனது.
பவர் சப்ளையில் மிச்சம் பிடிக்கலாமாம்.
எங்கள் குன்றின்மேல் ஏறி வருவதற்குள்
மின்சாரத்துக்கு மூச்சு வாங்கும்;
மாலை ஆறுக்கு எல்லோரும் கெட்டில் வைத்தால்
பல்பு ஆரஞ்சுப் பழமாகிவிடும்.
அவனுக்குத் தெரியாதா?
யானையை வாங்கிவிட்டு
அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கிறான்.
சப்ளை மட்டும் புதிது என்றேன். பிடித்த பிடி.
புல் அசையும் அழகெல்லாம் வேண்டாம்,
எதிரி தெரிந்தால் போதும்.

மெமரி எட்டு ஜிபி, ஒரே துண்டு.
இரண்டாவது துளை காலியாக,
விழுந்த பல்லின் இடம்போல.
சம்பளம் முளைக்கும்போது முளைக்கட்டும்.

பஸ்ஸில் மதர்போர்டு என் கோட்டுக்குள்.
நடத்துநர் வயிற்றைப் பார்த்து
இடம் ஒதுக்கிக் கொடுத்தார். மறுக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் திருகத் தொடங்கினான்.
கையைத் தட்டிவிட்டேன்.
குளிரிலிருந்து வந்த இரும்பு
சூட்டில் வியர்க்கும்;
வியர்வையில் கரண்டு பாய்ந்தால்
பன்னிரண்டு லட்சமும் புகை.
மூன்று மணி நேரம்
பிறந்த பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தோம்.
ஆட்டிறைச்சி வெந்தது. தின்றோம்.
விரல்களைச் சோப்புப் போட்டு இருமுறை கழுவினோம்.

பிறகு இன்னொரு பயம்.
இந்தக் காய்ந்த காற்றில்
கம்பளிச் சட்டையைக் கழற்றினாலே பொறி பறக்கும்.
ஒவ்வொரு திருகுக்கும் முன்னால்
கட்டிலின் இரும்புக்காலைத் தொட்டுவிட்டு வந்தோம்.
பிராசசரை அவன்தான் வைத்தான்.
எண்ணெய்க் கறை போகாத அந்தக் கை
ஒரு தடவைகூட நடுங்கவில்லை.
அதை அவனிடம் சொல்லவில்லை.

இரவு பன்னிரண்டே கால்.
பொத்தான்.
விசிறி தயங்கி, இருமி, சுற்றியது.
அவன் மச்சானின் பழைய திரையில்,
ஓரத்துப் பச்சைக் கோட்டுக்குப் பக்கத்தில்,
வெள்ளை எழுத்து:

விசைப்பலகையைக் காணவில்லை.
தொடர எஃப்-1 விசையை அழுத்தவும்.

ரசீதைப் புரட்டினோம்.
மவுஸ் இருக்கிறது. பசை இருக்கிறது.
பஸ் கட்டணம்கூட இருக்கிறது.
விசைப்பலகையை
இருவருமே எழுதவில்லை.

சிரித்துச் சிரித்து
அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.
'நேற்று முப்பத்தொன்று, இன்று ஒன்று.
இரண்டுமே என் நாள்.'
அட, ஆமாம்.
பைசா பைசாவாக அடித்துத் திருத்திய எனக்கு
இது தட்டுப்படவில்லையே.

'உன் நாள்தானே,' என்றேன்.
'நீயே அழுத்து.'